குளிகை கழியட்டும்

பன்னிரண்டு மணிக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போதுதான் பிள்ளையைக் கொண்டுவந்து முன்வீட்டில் கிடத்தினார்கள். எட்டு நிமிஷத்துக்குள் ஓடைக்கரை மயானத்துக்குப் போய்ச் சேர முடியாது, செவ்வாய்க்கிழமை பன்னிரண்டுக்குக் குளிகை பிறந்துவிடும், ஒன்றரைக்குத்தான் கழியும், கழியட்டும், அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று பெரிய மாமா சொல்லிவிட்டார். மாமனார் போன பிறகு இந்த வீட்டில் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அவருடைய அண்ணனான பெரிய மாமா வாயிலிருந்துதான் நேரம் வரும். குளிகையில் எதைச் செய்தாலும் அது திரும்பவும் நடக்கும் என்பது சிவகாசியில் சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். நகை எடுக்கலாம், பாத்திரம் வாங்கலாம், பால் காய்ச்சலாம், சாவுக்காரியம் மட்டும் ஆகாது. பாண்டிச்செல்வி உள்வீட்டில் அரிசி டின்னுக்கும் அடுப்பு மேடைக்கும் நடுவே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அங்கேயிருந்து பார்த்தால் நிலைவாசல் வழியே முன்வீட்டில் பாதிதான் தெரிந்தது. அவளுடைய பழைய சேலை ஒன்றை நாலாக மடித்து விரித்திருந்தார்கள், அதில் ஒரு ஓரம், அந்த ஓரத்தில் ஆஸ்பத்திரித் துண்டில் சுற்றின கால்மாடு, அதற்கு மேலே சுவரில் தினசரி காலண்டர். தலைமாடு சுவருக்கு அந்தப் பக்கம். இரண்டு எட்டு வைத்தால் முகம் தெரியும். இரண்டு எட்டுத்தான். வெள்ளிக்கிழமை காலையிலிருந்து அவனை அவள் கையில் யாரும் கொடுக்கவில்லை. மூச்சு இழுக்கிறது என்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள், வெளியே நின்று பார்க்கச் சொன்னார்கள், இன்றைக்கு விடிந்து வெயில் ஏறுகிற நேரத்தில் நர்ஸம்மா துண்டில் சுற்றி அவள் வீட்டுக்காரர் சோலைராஜ் கையில் கொடுத்தாள், வேனில் அவர்தான் மடியில் வைத்துக்கொண்டு வந்தார், இவள் பின்னால் அத்தைக்குப் பக்கத்தில். நாலு நாள் ஆயிற்று. இன்னும் ஒன்றரை மணி நேரம். அதற்கப்புறம் கேட்டாலும் கொடுக்க ஆள் இருக்காது.

அத்தை பூப்பொட்டலத்தோடு வந்து, முதுகால் வாசலை மறைத்துக்கொண்டு குத்தவைத்தாள். "கைய ஒசத்துத்தா. மூணு முழம் போதும்னு சொல்லிவிட்டேன், ஆறு முழத்த வாங்கியாந்திருக்கான், கல்யாண வீடு மாதிரி." மல்லிகைப்பூவை மார்மேல் பரப்பி, பழைய வேட்டித்துணியால் இறுக்கிச் சுற்றி முதுகில் முடிச்சுப் போட்டாள். பூ சில்லென்று இருந்தது, பூக்காரி தண்ணீர் தெளித்து வைத்திருப்பாள், நெருப்பாய்க் கொதிக்கிற இடத்தில் அந்தச் சில்லிப்பு பட்டதும் செல்விக்கு ஒரு நொடி சுகமாக இருந்தது, சுகமாக இருந்ததை நினைத்து உடனே கூசிப்போனாள். "மூணு நாளையில வத்திரும். இல்லாட்டிப் பாலு கட்டிக் காய்ச்சல் வந்துரும்." "அத்தை" என்றாள் செல்வி. "என்னத்தா?" ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினாள். கேட்க வந்ததைக் கேட்கவில்லை. அத்தைக்கு அது என்னவென்று தெரிந்திருக்கும்போல. "நீ அங்கிட்டு வராத. பெத்தவ பக்கத்துல இருந்தா அது போகாது, பாலு வாசத்துக்கு நிக்கும்" என்று சொல்லி மூக்கைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். பால் வாசத்துக்கு நிற்குமாம். நின்றால் என்ன. ஆஸ்பத்திரியில் பீய்ச்சி டம்ளரில் கொடுக்கச் சொன்னார்கள், மூக்கு வழியாக ஒரு குழாய், அதில் சொட்டுச் சொட்டாக விடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை அரை டம்ளர் இருந்தது, நேற்று நர்ஸம்மா டம்ளரை வாங்காமல், இனிமே வேண்டாம்மா, என்று சொல்லிவிட்டாள். அதை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு வராந்தாவில் நின்றாள். கடைசியில் கைகழுவுகிற தொட்டியில் ஊற்றிவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டாள். வெள்ளையாகச் சுற்றிப் போனது. அப்போதே தெரிந்திருக்கணும் அவளுக்கு. தெரிந்துதான் இருந்தது. தெரியாததுபோல இருந்தாள்.

காலண்டரில் இன்றைய தாளைப் பெரிய மாமாதான் வந்ததும் சரிசெய்தார். வெள்ளிக்கிழமையோடு வீட்டில் யாரும் தாள் கிழிக்கவில்லை. நாலு தாளையும் சேர்த்துப் பிடித்து ஒரே இழுப்பில் இழுத்தார், சர்ரென்ற அந்தச் சத்தம் உள்வீடு வரை கேட்டது. வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள். அவன் கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சு விட்ட நாலு நாள். அதைக் கசக்கி எங்கே போட்டார் என்று அவள் பார்க்கவில்லை. அந்தத் தாள் எல்லாம் அவள் கைபட்ட தாள்தான். போன ஐப்பசி கார்த்திகையில், இவன் வயிற்றில் அஞ்சு மாசமாக இருக்கும்போது, அச்சாபீஸில் காலண்டர்த் தாள் சேர்க்கப் போனாள். நீள மேஜையில் முதல் தேதி, இரண்டாம் தேதி என்று வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள், பொம்பளைகள் அதைச் சுற்றி நடந்துகொண்டே ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு தாள் எடுத்துச் சேர்க்கணும், ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு மாசம். "இன்னிக்கு எத்தன வருசம் நடந்தீங்கடி?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். முப்பது வருஷம் நடந்தேன் என்பாள் ஒருத்தி, எனக்குக் கால் வலிக்கு, நான் இருபதோட கிழவியாயிட்டேன் என்பாள் இன்னொருத்தி. அஞ்சாம் வகுப்போடு நின்றவள் செல்வி, படிக்கக் கற்றுக்கொண்டதே அந்த மேஜையைச் சுற்றித்தான் என்று சொல்லணும். ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், பரிகாரம் பால். கீழே ஒரு ஓரத்தில் ராசிக்கு ஒரு சொல். மேஷம் வரவு, ரிஷபம் கோபம், மிதுனம் பாராட்டு. கூட நடந்தவள் ஒருத்தி அதைச் சத்தம்போட்டுப் படித்து, "ஏ, கன்னிக்கு இன்னிக்குப் பரிசுடி, ஒம்புருசன் என்ன வாங்கியாரப் போறான்?" என்று கேலி பண்ணுவாள். இந்தச் செவ்வாய்க்கிழமையையும் அவள் எடுத்திருப்பாள். ஒருதரம் இல்லை, ஆயிரந்தரம். எச்சில் தொட்ட விரலால் இதை எடுத்து நேற்றின் அடியில் வைத்து, நாளையை எடுத்து இதன் அடியில் வைத்து, வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்திருப்பாள். விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. மற்ற தாளைப்போலத்தான் இதுவும் வழவழவென்று இருந்திருக்கும். ஒரு தாளாவது விரலைக் கீறியிருக்கக் கூடாதா.

இன்றைக்கு நட்சத்திரம் பூசம் என்று முன்வீட்டில் பெரிய மாமா யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். "பிறந்ததும் பூசம், போனதும் பூசம். இருபத்தேழையும் ஒரு சுத்து சுத்திட்டுப் போயிட்டான்." அவள் கணக்குக்கு அது மேஜையில் ஒரு சுற்றுக்கூட இல்லை, மூன்று நாள் குறைகிறது. பேரும் வைக்கவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை ஒன்பதேகாலுக்கு மேல் பத்தேகாலுக்குள் பேர் வைக்க நல்ல நேரம் என்று குறித்திருந்தார்கள். பூசத்துக்கு எழுத்து ஹு, ஹே, ஹோ, டா என்று ஜோசியர் எழுதிக் கொடுத்த சீட்டை வைத்துக்கொண்டு சோலைராஜ் தலையைச் சொறிந்தார். "ஹோன்னு எவனுக்குப் பேரு வைக்க? டாவுலதான் வைக்கணும். என்ன இருக்கு டாவுல, டில்லிபாபுவா?" அத்தை அடிக்க வந்தாள். "எம்பேரனுக்கு டில்லியாம்ல, மெட்ராஸ் இல்லையா?" அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள், செல்வியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், ஆனால் அன்று சாயங்காலம் குளிப்பாட்டும்போது யாரும் இல்லாத சமயம் பார்த்து, டில்லி, என்று மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தாள், அவன் கண்ணைச் சுருக்கினான். அதிலிருந்து அதுதான் பேர். யாருக்கும் தெரியாது. கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று வாயசைத்துக் கூப்பிட்டதும் அதைத்தான், சத்தம் வராமல், கண்ணாடியில் மூச்சு ஆவியாகப் படிகிற மாதிரி. சத்தமாக ஒருதரம்கூடக் கூப்பிடவில்லை. இப்போது போய் மடியில் எடுத்துவைத்து, டில்லி, என்று வாய் நிறைய ஒருதரம் கூப்பிட்டால். இப்போது குளிகைதானே. குளிகையில் செய்தது திரும்ப நடக்கும் என்றால், எடுத்தது திரும்பவும் எடுக்கிற மாதிரி வரும், மடியில் வைத்தது திரும்பவும் வைக்கிற மாதிரி வரும், டில்லி என்று இன்னொருதரம் கூப்பிடவேண்டி வரும். அப்படியானால் அவன் வரவேண்டுமே. எல்லோரும் எதற்குப் பயந்து காத்திருக்கிறார்களோ அதையே அவள் ஆசையாக நினைத்தாள். நினைத்ததும், அவன் உள்ளே இருந்தபோது புரண்ட மாதிரி, வயிற்றுக்குள் எதுவோ புரண்டது. காலிவயிறு. ஆனாலும் புரண்டது.

அடுத்த வீட்டு ஜெசிந்தா அக்கா பின்வாசல் வழியாகக் காப்பி கொண்டுவந்தாள். வெள்ளிக்கிழமையிலிருந்து மூத்தவள் சஷ்டிகா அவள் வீட்டில்தான் இருக்கிறாள், இரண்டரை வயசு, சஷ்டியன்று பிறந்ததால் அந்தப் பேர். "குடி செல்வி. சஷ்டிக்குட்டி சோறு திங்கிறா, நீ கவலப்படாத" என்று டம்ளரை வாய்க்கிட்டே பிடித்தாள். பிறகு முன்வீட்டுப் பக்கம் திரும்பி, "ஏன் மதினி, அவ கையில ஒரு நிமிசம் குடுத்தா என்னவாம்? சொமந்தவ இல்லையா?" என்று கேட்டே விட்டாள். செல்விக்கு உடம்பெல்லாம் காதாகிவிட்டது. அத்தை வாசல்படியில் நின்றபடி, "ஒங்க காலண்டர்ல குளிகை போட்டிருக்கா? வேத வசனந்தான போட்டிருக்கு. ஒங்களுக்கு எல்லா நேரமும் நல்ல நேரம்" என்றாள். "எங்களுக்கும் சாவு வரத்தான செய்யுது மதினி." அத்தை முன்வீட்டுக்குத் திரும்பிப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து செல்விக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, யாரிடமும் சொல்லாத குரலில் சொன்னாள். "சோலைக்கு முந்தி எனக்கு ரெண்டு பேரு. மூத்தவளுக்குக் காமால. தை மாசம். அன்னிக்கு யாரு குளிகையப் பாத்தா, அவசர அவசரமா எடுத்தாக, நான் மடியிலயே வச்சுக்கிட்டுத் தரமாட்டேன்னு கெடந்தேன், பிச்சுத்தான் எடுத்துட்டுப் போனாக. ஆடியில அடுத்தவன் போனான். அவனையும் மடியிலதான் வச்சிருந்தேன். எல்லாம் அதே மாதிரி." அத்தையின் கை தரையில் ஒரு இடத்தையே தடவிக்கொண்டிருந்தது. "ஒனக்கு மூத்தவ இருக்காத்தா. அவள நெனச்சுக்க." அவ்வளவுதான். எழுந்தாள், காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள். இந்த வீட்டுக்கு வந்த அஞ்சு வருஷத்தில் அத்தை வாயிலிருந்து அவள் இதைக் கேட்டதில்லை. சோலைராஜுக்கு மேலே இரண்டு பேர் இருந்தார்கள் என்பதே இவளுக்குத் தெரியாது.

மூத்தவளை நினைத்தாள். நினைத்ததும் முதலில் கழுத்துத்தான் வந்தது, சஷ்டியின் பிடரியில் வியர்க்குரு, அதில் பவுடர் பூசினால் நெளிவாள். திரும்ப நடப்பது என்றால் எது திரும்ப நடக்கும்? மடியில் எடுப்பதா, உயிரில்லாததை மடியில் எடுப்பதா? குளிகைக்கு அது தெரியுமா, பிரித்துப் பார்க்குமா, இல்லை கை எதைத் தூக்கியதோ அதை அப்படியே இன்னொருதரம் கொண்டுவந்து கையில் கொடுக்குமா? டில்லி என்றுதான் கூப்பிட்டேன், சஷ்டி என்று கூப்பிடவில்லையே என்று சொன்னால் கேட்டுக்கொள்ளுமா? அப்போதுதான் வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்து நெஞ்சில் உதைத்தது. வெள்ளிக்கிழமை குளிகை ஏழரைக்குப் பிறந்து ஒன்பதுக்குக் கழியும். அன்றைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் படியிறங்கினது எட்டு மணிக்கு. பாலாடையைக் கழுவிக் கவிழ்த்திவிட்டு, சஷ்டியை ஜெசிந்தா அக்கா கையில் கொடுத்துவிட்டு, எட்டு மணிக்கு. முதல் காலை வெளியே வைத்தது அவள்தான். யாரும் பார்க்கவில்லை, அத்தைகூடப் பார்க்கவில்லை, காலண்டர்த் தாள் சேர்த்தவளுக்கும் ஞாபகம் வரவில்லை, மூச்சு இழுக்கிற பிள்ளையைப் பார்ப்பாளா, தாளைப் பார்ப்பாளா. அப்படியானால் ஒரு பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது இன்னொருதரம் இருக்கிறது. யாரை? இருக்கிறது ஒருத்திதான். பல் கிட்டிப்போய் உட்கார்ந்திருந்தாள். பிறகு மெல்ல மெல்ல வேறொன்று தோன்றியது. சனிக்கிழமை இந்த ஆஸ்பத்திரியில் முடியாது என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்களே, ஆம்புலன்ஸில் இரண்டாவது தரம் போனோமே, அதுதான் அந்தத் திரும்ப நடந்தது, அதோடு கணக்குத் தீர்ந்தது. தீர்ந்ததா? ஒருதரம்தான் திரும்புமா, திரும்பத் திரும்பத் திரும்பிக்கொண்டே இருக்குமா? நகை எடுத்தால் ஒருதரம் சேருமா, சேர்ந்துகொண்டே இருக்குமா? சேர்ந்துகொண்டே இருக்கும் என்றுதானே எல்லோரும் கடைக்குப் போகிறார்கள். எத்தனை தடவை என்று தாளில் போட்டதே இல்லை. ஆயிரம் தாள் எடுத்திருக்கிறாள், அவளுக்குத் தெரியும், பன்னிரண்டு முதல் ஒன்றரை என்று மட்டும்தான் போட்டிருக்கும்.

முன்வீட்டில் பேச்சு தணிந்திருந்தது. ஆம்பிளைகள் வெளியே வேப்பமர நிழலுக்குப் போயிருப்பார்கள். சோலைராஜ் மட்டும் கால்மாட்டுக்கிட்டே உட்கார்ந்திருந்தார், அவருடைய முழங்கால் தெரிந்தது, அதன்மேல் கை, கை ஒரு ஈயை ஓட்டியது, சும்மா இருந்தது, மறுபடியும் ஓட்டியது. அந்தக் கையைக் கூப்பிடலாம். ஏங்க, என்று ஒரு சொல் போதும். அவர் திரும்பிப் பார்ப்பார், பெரிய மாமாவைக் கேட்கணும் என்பார், பெரிய மாமா என்ன சொல்வார் என்பது தெரிந்ததே. பெரிய மாமாவிடம் இதுவரைக்கும் அவள் நேருக்கு நேர் பேசினதில்லை, காப்பி கொடுத்தால்கூட டம்ளரை வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் வந்துவிடுவாள். கேட்பது என்பது அவள் பிறவியிலேயே இல்லை. நாலாம் வகுப்பில் ஒன்றுக்குப் போகணும் என்று கேட்க வெட்கப்பட்டு உட்கார்ந்த இடத்திலேயே பாவாடை நனைந்துபோனது, பக்கத்தில் இருந்தவள் பலகையை இழுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள், டீச்சர் பார்த்துவிட்டு, வாயில என்ன கொழுக்கட்டையா, என்று கேட்டாள். அம்மா இருந்தால் கேட்டிருப்பாள், அம்மா எல்லாவற்றையும் கேட்கிறவள், அவளும் போய்ச் சேர்ந்து ஏழு வருஷம். பெரிய மாமா, பிள்ளைய ஒருதரம் குடுங்க. மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். குடுங்க மாமா. ஒருதரம். சொல் எல்லாம் சரியாக வந்தது. ஆனால் எப்போது கேட்பது? ஒன்றரைக்கு முன்னால் கேட்டுத் தொட்டால் சஷ்டிக்கு ஆகாது. இல்லை, ஆகாது என்று தெரியாது, ஆனால் ஆகும் என்றும் தெரியாது, சஷ்டியின் பிடரியை வைத்துக்கொண்டு அவளால் சூதாட முடியாது. ஒன்றரைக்குப் பிறகு கேட்டாலோ பிள்ளை வீட்டில் இருக்காது. குளிகை கழிந்த நிமிஷம் தூக்கிவிடுவார்கள், அதற்காகத்தான் எல்லோரும் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு தாள் கனம்கூட இடம் இல்லை. சரி, வேண்டாம். அவள் தொடவில்லை. இப்படி முடிவு பண்ணிவிட்டுக் காலை மடக்கி முழங்காலில் முகத்தைப் புதைத்தாள். முடிவு பண்ணினதும் மார் இரண்டும் குத்தெடுத்தன. அவன் அழுதால்தான் அப்படிக் குத்தும். அவன் அழவில்லை. ஆனாலும் குத்தியது, கட்டின துணியை மீறி, பூவை நனைத்துக்கொண்டு, சூடாக வயிற்றுக்கு இறங்கியது.

பின்வாசலில் சின்னக் காலடி. வாயோரத்தில் ரசச்சோற்றுப் பருக்கையோடு சஷ்டி நின்றுகொண்டிருந்தாள், ஜெசிந்தா அக்காவின் கையை உதறிவிட்டு ஓடி வந்திருக்கிறாள். நாலு நாளாகப் பார்க்காத அம்மாவை எட்ட நின்றே பார்த்தாள். "எங்க போன?" "ஆஸ்பத்திரிக்குத்தா." "ஊசி போட்டாங்களா?" "ம்." "அழுதியா?" செல்வி கையை நீட்டினாள். சஷ்டி ஒரு எட்டு, இன்னொரு எட்டு என்று வந்து பொத்தென்று மடியில் விழுந்தாள். கனமாக இருந்தாள். இவ்வளவு கனமாகவா இருப்பாள்? வியர்வையும் ரசமும் ஜெசிந்தா அக்கா வீட்டுச் சோப்புமாக ஒரு வாசனை. முகத்தை மாரில் தேய்த்து, "பூவு" என்றாள். பிறகு கை வைத்து, ஈரத்தைப் பார்த்து, விரலை நக்கி, அண்ணாந்து பார்த்தாள். ஐப்பசியில் இவளுக்குப் பால் மறக்கடிக்க வேப்பிலையை அரைத்துத் தடவியிருந்தாள், இரண்டு நாள் துப்பித் துப்பி அழுதுவிட்டு மூன்றாம் நாள் இவளே வேண்டாம் என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். "கசக்குமாம்மா?" என்று இப்போது கேட்டாள். செல்வி நிலைவாசலைப் பார்த்தாள். துண்டில் சுற்றின கால் அப்படியேதான் இருந்தது. இது அவனுடைய பால். இருபத்தேழு நாளைக்கு முன்னால் அவனுக்கு என்று இறங்கினது, அவன் ஒழுங்காக நாலு வாரம்கூடக் குடிக்கவில்லை, அவன் வீட்டில் கிடக்கும்போதே இன்னொரு வாய்க்குக் கொடுப்பதா? டில்லி, கொடுக்கவா? குளிகை இன்னும் கழியவில்லை. இதுவும் திரும்ப நடக்குமே. இந்தக் கனம், இந்த ரசவாசம், இந்த வாய். இது நடந்தால் நடந்துகொண்டே இருக்கட்டும். "கசக்காதுத்தா" என்றாள். கையைப் பின்னால் கொண்டுபோய் அத்தை போட்ட முடிச்சை அவிழ்த்தாள். வாடின பூ கொத்தாக மடியில் விழுந்தது. பிள்ளை மறந்திருப்பாள் என்று நினைத்தாள், மறக்கவில்லை, முதலில் பல் பட்டது, பிறகு நாக்கு பழைய இடத்தைக் கண்டுபிடித்தது. கல்லாகக் கிடந்தது இளகி இறங்கியபோது உச்சந்தலைவரை வலித்தது, வலி போன இடத்தில் அழுகை வந்தது. நாலு நாளாக வராதது. சத்தமில்லாமல் வந்தது. சஷ்டியின் நெற்றியில் சொட்டியது, அவள் குடித்துக்கொண்டே கையால் துடைத்துக்கொண்டாள்.

"மணியாச்சு. குளிகை கழிஞ்சிருச்சு. தூக்குப்பா" என்று பெரிய மாமாவின் குரல் கேட்டது. செருப்புகள் சரசரத்தன. முழங்கால் எழுந்தது, கை எழுந்தது, சேலையின் ஓரத்தில் இருந்த கால்மாடு எழுந்து மறைந்தது, விரித்த சேலை மட்டும் கிடந்தது. ஆனால் சோலைராஜ் தெருவாசலுக்குப் போகவில்லை. இரண்டு கையிலும் துண்டை ஏந்திக்கொண்டு உள்வீட்டு நிலைக்கு வந்து நின்றார். என்ன சொல்ல வந்தாரோ, மடியில் குடித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார், தாழ்த்தின இடத்திலும் ஒரு பிள்ளையின் முகம்தான் இருந்தது. "அங்க என்னப்பா நிக்கிற? மூணு மணிக்கு ராகுகாலம் பிறந்துரும். அதுக்குள்ள போயிட்டுக் குளிச்சு முழுகி வீடு வந்து சேரணும்" என்றார் பெரிய மாமா. சோலைராஜ் திரும்பிப் போகக் காலைத் தூக்கினார்.

"இருங்க."

யார் சொன்னது என்று வாசலில் நின்ற அத்தை சுற்றும் பார்த்தாள். வேப்பமரத்தடியில் இருந்தவர்களும் திரும்பினார்கள். செல்விக்கே அது தன் குரல் என்று பிடிபட ஒரு நொடி ஆயிற்று. சேலைத் தலைப்பை இழுத்துச் சஷ்டியின் தலையோடு போர்த்திக்கொண்டு, சுவரைப் பார்க்காமல், தரையைப் பார்க்காமல், நிலைக்கு அப்பால் வெள்ளை வேட்டியாகத் தெரிந்த பெரிய மாமாவைப் பார்த்தே சொன்னாள். "இவ குடிச்சு முடிக்கட்டும் மாமா. முடிச்சதும் அவன எங்கையில குடுங்க. அப்பறம் எடுங்க." காலண்டர் கீழே நின்றிருந்த பெரிய மாமா அதை அண்ணாந்து ஒருதரம் பார்த்தார், கைபேசியைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். இவளிடம் அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். "எம்புட்டு நேரமாகும்த்தா?"

"தெரியாது மாமா."

பெரிய மாமா தன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தார். சோலைராஜ் நிலைப்படியிலேயே, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். இப்போது முகம் தெரிந்தது. சஷ்டி வாயை எடுத்து, பெருமூச்சு ஒன்று விட்டு, கண்ணைத் திறக்காமலே மறுபக்கத்துக்கு மாறினாள். செல்வி அவளை அவசரப்படுத்தவில்லை.